கிணற்றுக்குக் கீழே ஒரு கடல்

நெடுந்தீவு
04.03.2024

அன்பின் தங்கச்சி துசாராவுக்கு,

நானும் நிலக்சனாவும் சுகம். உன்னையும் சுகமாக வைத்திருக்கச் சொல்லி மாதாவிடம் கேட்கிறோம். கண்டிக் குளிரில் பிடித்த இருமல் விட்டுவிட்டதா? நிலக்சனாவுக்கு இது நாலாம் மாதம். காலையில் சாப்பிட்டதெல்லாம் சத்தி, மத்தியானத்தில் கோபம், பின்னேரத்தில் பசி.

நீ சொன்னபடியே இதை, துளையிட்டு எடுத்த மண்ணை அனுப்புகிற பெட்டியின் அடிப்பலகைக்குக் கீழே வைக்கிறேன். ஆய்வுகூடத்தில் பெட்டி திறப்பவள் நீதான் என்ற துணிச்சலில்தான் இது. நாங்கள் அண்ணனும் தங்கச்சியும் என்று துளையிடுகிற கொம்பனியில் எவருக்கும் தெரியாது. நீ சொல்லித்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது என்பதும் தெரியாது. தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும்.

முதல் நாளே எங்கள் போன்களை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். எவனோ துளையிடுகிற இயந்திரத்தைப் படம் எடுத்து முகநூலில் போட்டானாம். வீட்டில் நிலக்சனாவின் போன் இருக்கிறது. ஆனால் அவள் விடமாட்டாள். "நீங்கள் கதைக்கிறதை மூண்டாவது ஆளும் கேட்டுக்கொண்டிருப்பான்" என்கிறாள். அவளுடைய தமையனை எப்படிக் கொண்டுபோனார்கள் என்று உனக்குத் தெரியும். நான் வாதாடவில்லை.

இயந்திரத்தை எங்கள் பக்கத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள். வந்த அன்று மேற்பார்வையாளர் சுதன், "துளைக்கிற அலகுக்கு ஓயாமல் நல்ல தண்ணி ஊத்தவேணும், உப்புத் தண்ணி மெசினைத் தின்னும். எங்கை இருக்கு நல்ல தண்ணி?" என்று கேட்டான். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். வந்தவனுக்குத் தேத்தண்ணி கொடுக்க முன்னமே நல்லதண்ணிக் கிணற்றைக் காட்டுவோம். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். றோசம்மா மாமி செம்பில் அள்ளிக் கொடுத்தார். குடித்துவிட்டு, "தீவானுக்கு இப்பிடித் தண்ணியோ!" என்றான். எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. அடுத்த நாள் இயந்திரம் கிணற்றடியில் நின்றது.

இதையெல்லாம் தோண்டி என்ன காணப்போகிறீர்கள் என்று நிலக்சனா கேட்கிறாள். விளங்குகிற மாதிரி எழுது.

அன்புடன்
அண்ணா


கண்டி
12.03.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் போய்விட்டது, மூக்கொழுகும் தடிமன் வந்திருக்கிறது. நிலக்சனாவைப் பாரம் தூக்க விடாதீர்கள். கிணற்றுக்கு நீங்களே போங்கள்.

பெட்டிகள் உடையாமல் வந்தன. குழாய்க்குள் இருந்து நீங்கள் எடுக்கிற அந்த நீளமான மண்தூணை நாங்கள் இங்கே நெடுக்காகப் பிளக்கிறோம். ஒரு பாதியில் ஆராய்ச்சி, மறு பாதி களஞ்சியத்தில்.

நிலக்சனாவுக்குச் சொல்லுங்கள். உலகத்தின் இரண்டு நுனிகளிலும் பனி பெருகினால் கடலின் தண்ணீர் அங்கே போய்க் கட்டியாகிவிடும். கடல் இறங்கும். அப்போது நெடுந்தீவு தீவே இல்லை, வெறும் மேடு. இந்தியாவுக்கு நடந்து போகலாம். பனி உருகினால் கடல் ஏறும், மேடு மூழ்கும், பவளப்பூச்சி கட்டுகிற முருகைக்கல் வளரும். இப்படி ஒரு தரம் இல்லை, பல தரம். வெள்ளைக் கல் வந்தால் அது கடல் நின்ற காலம். மண் வந்தால் அது கடல் விலகிய காலம். உங்கள் முதல் பெட்டிகளில் இருக்கிற வெள்ளைக்கு ஒரு லட்சத்து இருபதினாயிரம் வருடத்துக்கு மேல் வயது இருக்கும். அன்றைக்கு உங்கள் வளவுக்கு மேலே மீன் ஓடியது.

இந்த ஆராய்ச்சிக்குக் காசு கொடுக்கிற வெள்ளைக்காரருக்கு இது பெரிய விசயம். கடல் முன்னம் எவ்வளவு ஏறியது என்று தெரிந்தால் இனி எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடலாம். அவர்களுடைய துறைமுகங்களுக்குத் தேவை.

ஒன்று கேட்க வேண்டும். கிணற்றடியில் என்று எழுதியிருந்தீர்கள். எவ்வளவு கிட்ட?

தங்கச்சி


நெடுந்தீவு
25.03.2024

அன்பின் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தை நிலக்சனாவுக்கு வாசித்துக் காட்டினேன். வளவுக்கு மேலே மீன் ஓடியது என்றதும் சிரித்தாள். பிறகு, "அந்தக் கடல் திரும்பி வருமோ?" என்று கேட்டாள். உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

எவ்வளவு கிட்ட என்றால், கிணற்றுத் துலாக்கொடியை எட்டி வீசினால் இயந்திரத்தில் விழும். நீ பயப்பட ஒன்றும் இல்லை. கிணற்றுக் கட்டில் வெடிப்பு இல்லை, நான் தினமும் பார்க்கிறேன்.

சனிக்கிழமை புதிதாக ஒன்று வந்தது. வெள்ளைக் கல் முடிந்து சிவப்புக் களி. ஆட்டு ஈரல் மாதிரி ஒரு நிறம். சப்பாத்தில் ஒட்டினால் கத்தியால் சுரண்ட வேண்டும். அலகு இறுகிப்போகிறது என்று சுதன் கத்திக்கொண்டு நிற்கிறான். அவர்களுக்கு மீற்றர் கணக்கில்தான் காசு. களிக்குள் நின்றால் நட்டம். அதனால் ஞாயிறும் வேலை. குருத்தோலைத் திருப்பலிக்குக்கூட எங்களை விடவில்லை. "யேசுநாதர் கழுதையிலை ஆறுதலாய் வரட்டும். நீங்கள் பைப்பைப் பிடியுங்கோ" என்றான். எவரும் சிரிக்கவில்லை. பைப்பைப் பிடித்தோம்.

அந்தச் சிவப்பு இந்தப் பெட்டியில் வருகிறது.

அண்ணா


கண்டி
29.03.2024

அண்ணா,

சுகம் விசாரிக்க நேரமில்லை, மன்னியுங்கள். பெட்டி இன்று வந்தது. வெறும் பெட்டிகள் நாளைக் காலை லொறியில் திரும்புகின்றன. அதற்குள் இதை வைக்க வேண்டும்.

அந்தச் சிவப்பில் துளைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.

அது பனிக்காலத்து மண். கடல் விலகியிருந்த ஆயிரமாயிரம் வருடத்தில் கல் கரைந்து, காற்றில் வந்த தூசி சேர்ந்து ஆன களி. தண்ணீர் விடாது. மழை பெய்து இறங்குகிற நல்ல தண்ணீர் அதற்கு மேலேதான் தேங்கி நிற்கிறது. அதற்குக் கீழே இன்னொரு பழைய முருகைக்கல், அதன் ஓட்டைகள் முழுக்கக் கடல் தண்ணீர். உங்கள் கிணற்றின் அடித்தளம் அந்தச் சிவப்பு. அது பானையின் அடி என்று நினையுங்கள். அவர்கள் அதில் துளை போடுகிறார்கள்.

மேலே இருந்து வருகிற கடலுக்குக் காலம் எடுக்கும் என்று நிலக்சனாவுக்குச் சொல்லுங்கள். கீழே இருந்து வருகிற கடலுக்கு ஒரு துளை போதும்.

நிறுத்த ஏலாது என்றால் களியைக் கடந்த இடத்தில் குழாய் இறக்கிச் சுற்றிலும் சீமெந்து போட வேண்டும். அது துளையிடுகிற எல்லோருக்கும் தெரிந்த விதி. சுதனுக்கும் தெரியும்.

தங்கச்சி


நெடுந்தீவு
21.04.2024

அன்பின் தங்கச்சிக்கு,

நலம். நீயும் நலமாக இரு. பெரிய வெள்ளி, உயிர்ப்பு ஞாயிறு, பிறகு வருடப்பிறப்பு என்று வள்ளம் ஒழுங்காக ஓடவில்லை. வெறும் பெட்டிகள் குறிகட்டுவான் இறங்குதுறையில் கிடந்தனவாம். உன் கடிதம் என் கைக்கு வந்தபோது சிவப்பைக் கடந்து கனநாள் ஆகிவிட்டது.

கடந்த அன்று ஊற்றிய தண்ணீர் முழுவதும் ஒரே இழுவையில் கீழே போனது. திரும்பி வரவேயில்லை. இயந்திரம் சும்மா சுற்றியது. சுதன், "பொந்து" என்றான். இன்னும் ஊற்றச் சொன்னான். நல்லதண்ணிக் கிணற்றை அன்றைக்கு இரண்டு தரம் அடிவரை இறைத்தார்கள்.

அதற்குப் பிறகு துளை மூச்சு விடுகிறது. விளையாட்டாக எழுதவில்லை. கடல் பெருகும்போது வாயில் கையை வைத்தால் காற்றுத் தள்ளும். வற்றும்போது உள்ளே இழுக்கும். சருகு போட்டால் போய்விடும். பெடியள் முதலில் பகிடியாகப் பார்த்தார்கள். இப்போது எவரும் கிட்டப் போவதில்லை.

சீமெந்தைப் பற்றிச் சுதனிடம் கேட்டேன்.

"உமக்கு ஆர் இதைச் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை. கிணறு பக்கத்திலை எண்டபடியால் கேட்டனான்."

"நீர் எத்தினையாம் வகுப்பு?"

"பத்து."

"அப்ப பத்தாம் வகுப்புக்குள்ளை நில்லும். மேப்பிலை இது ஆக்கள் இல்லாத மேய்ச்சல் காணி. ஆக்கள் இல்லாத இடத்திலை ஆருக்குத் தண்ணி?"

நானும் இன்னும் மூன்று பேரும் அவனுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். றோசம்மா மாமி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் தெரியாத ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து, என் பெயரைச் சொல்லி, மேர்வின் என்பவனுக்கு வெளியூரில் யார் இருக்கிறார்கள் என்று கடையில் விசாரித்துவிட்டுப் போனான். நீ ஒன்றும் யோசிக்காதே. கிணறு நன்றாக இருக்கிறது.

அண்ணா


கண்டி
29.04.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தில் நிலக்சனாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஏன்? சாப்பிடுகிறாளா? கிளினிக்குக்குப் போனாளா? கிணறு நன்றாக இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? கட்டா, தண்ணீரா? ருசி எப்படி என்று எழுதுங்கள். எனக்கு மறைக்காதீர்கள்.

டொக்டர் என்னைக் கூப்பிட்டார். இங்கே பொறுப்பாளரை அப்படித்தான் சொல்வோம். வரைபடத்தை மேசையில் விரித்து, "இந்தச் சிவப்பை எப்படி எழுதப் போறீர்?" என்றார்.

"களி. தண்ணி விடாத படை."

"வெயிலும் மழையும் பட்டுச் சிதைந்த சுண்ணாம்புக்கல் எண்டும் எழுதலாம்தானே? அதுவும் சிவப்புத்தான்."

எழுதலாம். கல் என்று எழுதினால் துளை எங்கேயும் எதையும் உடைக்கவில்லை. களி என்று எழுதினால் அதை அடைக்க வேண்டும். அடைக்கும்வரை துளையிட்ட கொம்பனிக்குக் காசு விடுபடாது. அதே கொம்பனிதான் எங்களுக்கு அடுத்த வருட வேலையையும் செய்யப்போகிறது. ஒரு சொல்லுக்குள் இவ்வளவு பேர் குந்தியிருக்கிறார்கள். நெடுந்தீவில் ஒரு கிணற்றைக் குடித்து வாழ்கிறவர்கள் மட்டும் அதற்குள் இல்லை. மேப்பில் அவர்கள் ஆடுகள்கூட இல்லை.

நான் களி என்றுதான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னோடு இருக்கிற பிள்ளையிடம், "அவ எந்த ஊர்?" என்று பிறகு கேட்டாராம்.

அடைக்கும் முறையை எழுதுகிறேன், தெரிந்திருக்கட்டும். மேலிருந்து கல்லும் மண்ணும் கொட்டக்கூடாது, பாதியில் சிக்கிக்கொள்ளும். ஒடுங்கிய குழாயை அடிவரைக்கும் விட்டு, சீமெந்தைக் கஞ்சியாகக் கரைத்து அதன் வழியாக ஊற்ற வேண்டும். கஞ்சி கீழே இருந்து நிரம்பி மேலே வர, குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த வேண்டும். சிவப்புக்கு மேலே கஞ்சி ஏறினால் போதும்.

தங்கச்சி


நெடுந்தீவு
04.06.2024

அன்பின் தங்கச்சிக்கு,

இங்கே சுகம். சோளகக் காற்று தொடங்கிவிட்டது. கடல் பொல்லாதது. மறி ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று வெள்ளை.

வேலை முடிந்துவிட்டது. இயந்திரத்தைக் கழற்றி ஏற்றிவிட்டார்கள். துளையில் ஒரு குழாயைச் செருகி மூடி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். தண்ணீர் மட்டம் பார்க்கிற குழாயாம். சுதன் கிழமைக்கு ஒரு தரம் வந்து அளப்பான். அந்தக் குழாய்க்குக் காவல் நான்தான்.

இது கடைசிப் பெட்டி. இனித் தபாலில்தான் எழுத வேண்டும்.

உன் அறிக்கை எப்போது வரும்? களி என்று அதில் இருந்தால் அடைத்துத்தான் ஆக வேண்டும் என்று சுதனே வாய் தவறிச் சொன்னான். நான் இங்கே ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறேன், அறிக்கை வரும், கொஞ்சம் பொறுங்கள் என்று.

அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுது. அது போதும்.

அண்ணா


கண்டி
20.06.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நிலக்சனாவின் சுகத்தைக் கட்டாயம் எழுதுங்கள். இத்துடன் சத்து மா அனுப்புகிறேன். வெள்ளைக் குட்டிக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

இங்கே ஓயாத மழை. துணி காயவில்லை. என்னுடைய வேலையை மார்கழிவரைக்கும் நீடித்திருக்கிறார்கள்.

அறிக்கை போய்விட்டது. அதைப்பற்றிப் பிறகு எழுதுகிறேன். நீங்கள் அந்தக் குழாய்க்குக் கிட்டப் போகாதீர்கள். ஒன்றும் செய்யாதீர்கள். தயவுசெய்து.

தங்கச்சி


நெடுந்தீவு
15.07.2024

துசாரா மச்சாளுக்கு நிலக்சனா எழுதுவது.

சுகம் என்று எழுத மனம் இல்லை. இவர் உங்களுக்கு எழுதிய கடிதங்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. என்ன இருந்திருக்காது என்று தெரியும்.

சித்திரை முடியவே தண்ணீர் மாறிவிட்டது. முதலில் தேத்தண்ணியில் தெரிந்தது. பிறகு சோற்றில். வைகாசி பாதியில் ஆடு தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையை எடுத்தது. கிளினிக்கில் எனக்குப் பிரசர் கூட என்றார்கள். கால் வீங்கியிருக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்காதேங்கோ என்றார் தாதி மிஸ்ஸி. வேறு எதைக் குடிப்பது என்று அவர் சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறி நினைத்த நாளில் வரும். எங்கள் முறை வரும்போது முடிந்திருக்கும்.

இவரோடு சனம் கதைப்பதை விட்டுவிட்டது. கிணற்றைக் காட்டினது இவர்தானே. கோயிலில் இவர் இருந்த வாங்குப் பலகையில் எவரும் இருக்கவில்லை. இவர் மட்டும், "அறிக்கை வரும், அறிக்கை வரும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அறிக்கை வந்தது. சுதன்தான் கொண்டுவந்தான். அதில் களியே இல்லை என்றான். அடிவரைக்கும் கல் என்றான். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிய நேரே போய், கோயில் மதிலுக்கு வைத்திருந்த சீமெந்துப் பைகளைத் தோளில் தூக்கினார். றோசம்மா மாமி வழியில் நின்றார்.

"எங்கையடா கொண்டுபோறாய், மாதாவின்ர சீமெந்தை?"

"கிணத்தைக் காட்டினது நான்தானே மாமி. துளையையும் நானே மூடுறன்."

"தனியக் கரைக்க ஏலாதடா, விசரா. கஞ்சி இறுகிப்போம்."

மாமி வாளி எடுத்தார். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். அப்போதும் எவரும் இவரோடு கதைக்கவில்லை. ஆனால் தண்ணீர் சுமந்தார்கள். பூட்டை உடைத்து, அந்தக் குழாய்க்குள் ஒடுங்கிய குழாயை அடிவரைக்கும் விட்டு, ஊற்ற ஊற்றக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார். யார் சொல்லித் தந்தது என்று நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பொலிஸ் வந்தது. கொம்பனியின் அளவுக் குழாயை நாசமாக்கினாராம். சுதன் அந்த அறிக்கையைப் பொலிசுக்குக் காட்டினான், எல்லாம் கல்தான், அடைக்க ஒரு தேவையும் இல்லை, வேண்டுமென்று செய்த நாசம் என்று. கடைசித் தாளில் கையெழுத்துக்குக் கீழே பெயர் இருந்தது. சவிரிமுத்து துசாரா.

இன்ஸ்பெக்டர் இவரைப் பார்த்து, "உன்ர தகப்பன்ர பேரும் சவிரிமுத்துத்தானே. இது உனக்கு ஆர்?" என்றார்.

"தெரியாது ஐயா. தீவிலை எத்தினை சவிரிமுத்து."

"உனக்குத் தங்கச்சி இல்லையா?"

"இல்லை ஐயா."

நான் பக்கத்தில் நின்றேன். அந்தத் தாளைப் பார்த்தபோது இவருடைய முகம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு எழுதமாட்டேன்.

ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இருபத்துமூன்றாம் திகதி வழக்குக்குத் திரும்பவும் கோட்டுக்குக் கொண்டுபோவார்களாம்.

காலையில் மாமி ஒரு செம்பு அள்ளிக் குடித்துப் பார்ப்பார். நாங்கள் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நிற்போம். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

நிலக்சனா


ஊர்காவற்றுறை
23.07.2024

அன்புள்ள நிலக்சனாவுக்கு,

வழக்குக்கு வந்திருக்கிற றோசம்மா மாமியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். பின்னேர வள்ளத்தில் உன்னிடம் வரும். என்னைக் கண்டதும் மாமி கிட்ட வந்தார். கையில் வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். குடித்தேன். பவுசர்த் தண்ணீர்.

அறிக்கை போக முன்னம் ஆய்வுகூடத்தில் மூன்று தரம் என்னைக் கூப்பிட்டார்கள். மூன்றாம் தரம் டொக்டரோடு இன்னொருவர் இருந்தார். யார் என்று சொல்லவில்லை. நெடுந்தீவில் உமக்குச் சொந்தக்காரர் ஆராவது இருக்கினமோ என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். நான் இல்லை என்று சொல்லிவிட்டு, அடிவரைக்கும் கல் என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். நான் சொன்ன இல்லையும் அண்ணா சொன்ன இல்லையும் ஒன்றல்ல. அவர் எனக்காகச் சொன்னார். நான் எனக்காகச் சொன்னேன்.

சிவப்புக் களியின் களஞ்சியப் பாதி என் பைக்குள் இருக்கிறது. கேட்டால் தரமாட்டார்கள் என்று கேட்காமல் எடுத்தேன். முதலில் நான் எழுதிய விபரமும் இருக்கிறது, களி என்று எழுதியது. அண்ணாவுக்காக வந்திருக்கிற சட்டத்தரணிப் பிள்ளையிடம் காட்டினேன். "அக்கா, இதோட நீங்கள் எழும்பிச் சொன்னால் அண்ணை வெளியிலை வரலாம். உங்களுக்கு என்ன நடக்கும் எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது" என்றாள். எனக்கும் தெரியாது. குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறியதிலிருந்து ஒருவன் எனக்குப் பின்னாலேயே வந்தான். ஊர்காவற்றுறைக்கு மாறியபோது அவனும் மாறினான். வெளியே மதிலோடு நிற்கிறான். வேறு வேலையாக வந்தவனாகவும் இருக்கலாம்.

துளையை அடைத்த சீமெந்து இறுகிப் பிடித்திருக்கிறதா என்று நான் நிச்சயமாகச் சொல்ல ஏலாது. பிடித்திருந்தாலும், ஏறிய உப்பு இறங்கக் குறைந்தது ஒரு மாரி வேண்டும். இரண்டும் வேண்டியிருக்கலாம். மாமி ருசி நல்லது என்று சொன்னாலும் நீ குடிக்காதே. பிள்ளை பிறக்கும்வரைக்கும் உன் அம்மாவோடு குருநகரில் போய் இரு. கோபத்தை அங்கேயும் கொண்டுபோகலாம்.

இனி ஆய்வுகூட விலாசத்துக்கு எழுதாதே. வேறு விலாசம் கிடைத்தால், கிடைக்கிற இடம் எதுவானாலும், அறிவிக்கிறேன்.

பேர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அண்ணாவைக் கொண்டுவந்து குற்றவாளிக் கூட்டுக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். மெலிந்திருக்கிறார். என்னைக் கண்டுவிட்டார். வேண்டாம், போ, என்று தலையை ஆட்டுகிறார்.

சவிரிமுத்து துசாரா